மனை விளம்பரமும் முதல் முதலீடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வந்த மனை முதலீட்டுக் கட்டுரை, எந்த ஊரில் விலை ஏறும் என்பதை விரிவாகச் சொல்லியிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தருகே நெடுங்காலமாகப் பத்திரம் எழுதி வருபவன் என்ற முறையில், அதில் விடுபட்டவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதன்முதலாக மனை வாங்குவோர் விலையேற்றத்தைக் கணக்கிடும் அளவுக்கு வாங்கும் செலவைக் கணக்கிடுவதில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு ஆகிறது. 20 லட்சம் ரூபாய் மனைக்கு இதுவே 1 லட்சத்து 80 ஆயிரம். தரகும் கடன் வட்டியும் தனி. வீடென்றால் வாடகையாவது வரும். காலி மனையோ விற்கும் நாள்வரை பெரும்பாலும் எதையும் ஈட்டித் தருவதில்லை. 24 மாதங்களுக்குள் விற்றால் கிடைக்கும் லாபம், மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். ஓரிரு ஆண்டில் கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்ற பேச்சு, பெரும்பாலும் அதைச் சொல்லும் தரகருக்கே லாபம் தருகிறது.

அடுத்தது வில்லங்கச் சான்று. முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம் என்று நிம்மதியடைவோர் பலர். அச்சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதியப்படாத உயிலோ, பாகம் பிரிக்காத வாரிசுகளின் உரிமையோ அதில் வராது. 2005ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்குண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற நிலத்தை வாங்கிவிட்டு, பின்னர் அவர்களின் சகோதரி தொடுத்த வழக்கில் பிரதிவாதியாக நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூலப்பத்திரம் தொடங்கி ஒவ்வொரு கைமாற்றத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு ஆகும் செலவு, வழக்குச் செலவின் முன் மிகச் சிறியது. பட்டாவையும் உட்பிரிவு எண்ணையும் ஒப்பிட்டு, நிலத்தை அளந்து பார்ப்பதும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த மனையை விட்டுவிடலாம். வேறு மனை கிடைக்காமல் போகாது.

இரண்டாவது மனைக்கு ஆசைப்படுவோர், முதல் மனையின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிவிட்டார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முதல் மனையை அடகு வைத்து இரண்டாவதை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

இனி தங்களுக்கு ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவுக்கு உட்பட்ட மனைப்பிரிவுகளின் விளம்பரத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரேரா) பதிவு எண்ணும், எடுப்பாகத் தெரியும்படி அந்த ஆணையத்தின் இணையதள முகவரியும் இடம்பெற வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. தங்கள் பக்கங்களில் வரும் விளம்பரங்கள் சிலவற்றில் ரேரா பதிவு எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதைத் தெளிவான எழுத்தில் அச்சிடுமாறு விளம்பரதாரர்களிடம் வலியுறுத்துவதுடன், எண் இல்லாத விளம்பரங்களை ஏற்க மறுக்கவும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஆவண எழுத்தர் ஒருவர்,
செங்கல்பட்டு.