யானை படம் வரவில்லை

மக்கா,

சுகமா இருக்கிறாயா. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னதால் காலையில் மாதா கோயில் வரை நடக்கிறாள், நடந்த களைப்புக்கு வரும் வழியில் ஒரு உளுந்த வடையும் தின்கிறாள் என்று தங்கச்சி துப்பு சொன்னாள், நான் கண்டுகொள்ளவில்லை. திருவிழா ஆகஸ்ட் 5 சப்பரத்தோடு முடிந்தது. கொடியேற்றத்து அன்றைக்கு உன் சோட்டுப் பையன்கள் ரெண்டு மூன்று பேர் என்னை நிறுத்தி, அவன் எப்போ வர்றான் என்று கேட்டார்கள். காண்ட்ராக்ட் முடியட்டும் என்றேன். அது ஜூன் மாதமே முடிந்துவிட்டது, நீயாகத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறாய் என்பதை நான் சொல்லவில்லை.

இதை ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பையனிடம் கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை சென்னையில் விமானம் ஏறுகிறான், மயாமியில் உன் உல்லாசக் கப்பலில்தான் சேர்கிறான், உன்னைப்போல் கேபின் வேலைக்கு இல்லை, சமையல்கட்டு வேலைக்கு. முதல் காண்ட்ராக்ட், பாவம், முகம் வெளுத்துக் கிடக்கிறான், கொஞ்சம் பார்த்துக்கொள். வாட்ஸ்அப்பில் எழுதினால் என்ன என்பாய். அதை இந்த வீட்டில் மூன்று பேர் படிக்கிறார்கள்.

புயல் காலம் வந்துவிட்டது இல்லையா. உங்கள் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று நீதான் சொன்னாய். 2025 அக்டோபர் 28 மெலிசா புயல் ஜமைக்காவில் ஏறினபோது நீ கப்பலில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, நானும் அம்மாவும் ரெண்டு ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் போன் வருகிறது, 'ரூட்டை மாத்திட்டாங்கப்பா, மெக்சிகோ பக்கம் கோசுமெல்ல நிக்கிறோம், இங்க வெயில் அடிக்கிது' என்று. எங்களுக்குச் சிரிப்பும் வந்தது ஆத்திரமும் வந்தது. தோணியில் போன நாங்கள் தென்மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் கடலுக்கே போகமாட்டோம், கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு மராமத்துப் பார்ப்போம். நீங்களோ ஆயிரக்கணக்கான ஆட்களை ஏற்றிக்கொண்டு புயலைச் சுற்றிப்போய், கிழக்குத் தீவைக் காட்டுகிறோம் என்று ஏற்றினவர்களுக்கு மேற்குத் தீவைக் காட்டிவிட்டு, நீச்சல் குளத்தில் பாட்டும் போடுகிறீர்கள். போகட்டும். அந்த விஷயத்தில் உங்கள் கேப்டன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கிராண்ட் கேமன் பற்றி நீ சொன்னதை நான் இன்னும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை பணக்காரத் தீவு, பெரிய கப்பல் கட்ட ஒரு துறை கிடையாது, ஜார்ஜ் டவுனுக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு வெள்ளைக்காரக் கிழவிகளைக் கையைப் பிடித்துச் சின்னப் படகில் இறக்குகிறார்கள் என்று. நாங்கள் மாலத்தீவில் வெங்காய மூட்டையை அப்படித்தான் இறக்கினோம். மூட்டை 'கால் வழுக்குகிறது' என்று புகார் எழுதாது, அதுதான் வித்தியாசம்.

பெருமையாகத்தான் இருக்கிறது மக்கா. அந்தக் கனடாக்கார அம்மா உன்னைப் பற்றி எழுதிக்கொடுத்த கார்டைத் தங்கச்சி பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள், வருகிறவர்கள் எல்லோருக்கும் நான்தான் படித்துக் காட்டுகிறேன், எனக்கு இங்கிலீஷ் வராது என்று தெரிந்தவர்களுக்கும்கூட.

ஆனால் இப்போதெல்லாம் யானை படம் வருவதில்லையே.

நீ ஒவ்வொரு ஞாயிறும் அனுப்புவாய். பயணிகளின் கேபினில் வைக்க நீ துண்டில் செய்த யானை, அன்னம், ஹேங்கரில் தொங்குகிற குரங்கு, அதற்கு யாரோ பயணியின் கறுப்புக் கண்ணாடியை மாட்டி விட்டிருப்பாய். கடைசியாக வந்தது ஏப்ரல் மாதம், ஒரு முயல். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கம்பெனியில் துண்டு பொம்மையை நிறுத்திவிட்டார்களோ என்று தங்கச்சி கேட்டாள். இருக்கலாம். இந்தப் பையனின் சொந்தக்காரன் ஒருவன் அதே கப்பலில் இருக்கிறானாம், நிறுத்தவில்லை என்கிறான்.

நான் ஒரு நாள் மத்தியானம் தங்கச்சியின் போனில் வீடியோ பார்த்து அந்த யானையைச் செய்து பார்த்தேன். பெரிய துண்டை ரெண்டு பக்கமும் இறுக்கிச் சுருட்டி மடக்கினால் காலும் உடம்பும், சின்னத் துண்டில் தும்பிக்கை. எனக்குப் பன்றி மாதிரி வந்தது. அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். அப்போது ஒன்று கவனித்தேன். துண்டைச் சுருட்டுகிறபோது பலம் எல்லாம் மணிக்கட்டில்தான் போகிறது. இறுக்கவில்லை என்றால் யானை நிற்காது. சும்மா சொல்கிறேன்.

மெத்தையை ஒற்றை ஆளாய்த் தூக்காதே. மயாமி நாளில் ஒரு கூட்டம் இறங்கி இன்னொரு கூட்டம் ஏறுவதற்குள் அத்தனை கேபினிலும் மெத்தையைத் தூக்கித் தூக்கி விரிப்பு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். பக்கத்துப் பையனைக் கூப்பிடு, நீ அவனுக்குப் பிடி, அவன் உனக்குப் பிடிக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி. பழைய துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து ஒத்தடம் கொடுத்தால் வலிக்கு இதமாக இருக்கும், பொதுவாகச் சொல்கிறேன். ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுக்காதே. தங்கச்சி இணையத்தில் படித்துச் சொன்னாள், சட்டப்படி ஒரு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 77 மணி ஓய்வு தந்தாக வேண்டுமாம். நான் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 168 மணி, 77 போனால் 91. சட்டத்துக்கு உள்ளேயே 91 மணி நேரம் வேலை வாங்கலாம் என்றால் அது என்ன சட்டம். மெத்தையை ஒற்றை ஆளாய்த் தூக்காதே.

துறையில் நிற்கிற நாளிலும் ஒரு பகுதி ஆட்கள் பாதுகாப்புக்கு என்று கப்பலிலேயே இருக்க வேண்டும் என்பது தெரியும். தீவுக்குத் தீவு போகிறாய், தரையை மிதிப்பது ரெண்டு மூன்று மணி நேரம். அதிலும் வைஃபை கிடைக்கிற கடையைத் தேடி உட்கார்ந்துவிடுவீர்கள். முன்பு அந்த நேரத்தில் எங்களைக் கூப்பிடுவாய். இங்கே ராத்திரி பதினொன்றோ பன்னிரண்டோ, உங்களுக்கு ஒன்பதரை மணி நேரம் பிந்தி, அம்மா தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். இப்போதும் படுத்திருக்கிறாள். நீ அஞ்சாம் தேதி பணத்தை மட்டும் போட்டுவிடுகிறாய். பணம் வந்த சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்து, அவனா என்று கேட்கிறாள். இதை நீ கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஜனவரியில் குவாதலூப் தீவில் நாலு பேர் காசு போட்டு டாக்ஸி பிடித்து அந்த மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தாயே, கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு படம். 1854இல் இருந்து புதுச்சேரி, காரைக்கால் பக்கம் கப்பல் ஏற்றிக்கொண்டு போன கூலி ஆட்கள், கரும்புத் தோட்டத்துக்கு, அவர்கள் பேரப்பிள்ளைகள் கட்டின கோயில், மாரியம்மனை மாலியேமென் என்கிறார்கள், தமிழ் பேச வரவில்லை என்றெல்லாம் சொன்னாய். உன் அம்மா ஜெபமாலையும் கையுமாக அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அங்கேயிருந்து வீட்டுக்கு என்னன்னு சொல்லிவிட்டிருப்பாங்க' என்றாள். என்ன சொல்லிவிட்டிருப்பார்கள். சுகம் என்றுதான். அந்தப் படத்தில் உன் ரெண்டு கையும் இடுப்பில் இருக்கிறது, நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜூன் மாதம் கோசுமெல்லில் எடுத்ததில் வலது கை பாக்கெட்டுக்குள் இருக்கிறது. ஜூலையில் மெஸ்ஸில் இருந்து பேசினாய், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தாய், ஸ்பூன் இடது கையில் இருந்தது. கப்பலில் ஸ்பூனில்தானே சாப்பிடுவார்கள் என்று அம்மா தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எந்தக் கை என்று பார்த்தாளோ என்னவோ.

சரி, சுற்றி வளைத்தது போதும். இதுவரை எழுதினதைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும்.

உனக்குப் பதினோரு வயதில் மராமத்துக்கு ஏற்றியிருந்த தோணியைப் பார்க்கக் கூட்டிப்போனேனே. ஏணியில் ஒழுங்காக ஏறத் தெரியாத பிள்ளையை மேலே கூப்பிட்டது நான். விழுந்தாய், வலது மணிக்கட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம், படம் எடுத்துப் பார்ப்போம் என்று அம்மா அழுதாள். கையில் காசில்லை என்றேன். நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோய் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கொண்டுவந்தேன். அவர்மேல் குறை சொல்லமாட்டேன், எத்தனையோ பேருக்கு நேராகச் சேர்த்துவிட்டவர். உனக்கு லேசாகக் கோணிச் சேர்ந்தது. அன்றைக்கு என் சட்டைப் பையில் மாலத்தீவு நடையில் வந்த பணம் ஆறாயிரம் இருந்தது. தோணியில் பங்கு போடலாம் என்று வைத்திருந்தேன். அந்தப் பங்கும் கிடைக்கவில்லை, அது வேறு கதை. பதினாறு வருஷமாக அம்மாவுக்குத் தெரியாது.

அது ஒன்று. இன்னொன்று உனக்கே தெரியும். சென்னையில் கப்பல் மெடிக்கலுக்குப் போன அன்று, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பாரத்தை நிரப்பினோம். முன்பு எலும்பு முறிந்ததுண்டா என்று ஒரு கேள்வி. நீ பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். அம்மாவின் வளையலை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டியாகிவிட்டது, என் கண்ணுக்கு வளையல்தான் தெரிந்தது. இல்லைன்னு போடு என்றேன். போட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வருகிறபோது பஸ்ஸில் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய்.

போன வாரம் மாலுமிகள் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம், யாரோ ஒரு பையனுக்கு என்று சொல்லி விசாரித்தேன். அவருக்குப் புரிந்திருக்கும், முகத்தைப் பார்க்காமலே பேசினார். 2006ஆம் வருஷத்துக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம் இருக்கிறதாம், எம்எல்சி என்பார்களே, அதுதான். கப்பலில் இருக்கிறபோது அடிபட்டால் வைத்தியச் செலவு கம்பெனியுடையது, கப்பலில் டாக்டரைப் பார்க்க உன்னிடம் காசு கேட்கக் கூடாது, நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேல் வெளிநாடு போகிற கப்பலில் டாக்டர் இருந்தே ஆக வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, வேலையில் சேரும்போது தெரிந்தே மறைத்த நோய் என்றால் கம்பெனி தன் பொறுப்பு இல்லை என்று சொல்ல இடம் இருக்கிறது என்றார். எனக்கு டீ இறங்கவில்லை.

அப்போதுதான் நீ ஏன் நீட்டிக்கொண்டே போகிறாய் என்பதும் எனக்கு விளங்கியது. சைன் ஆஃப் பண்ணி, கப்பலை விட்டு இறங்கி வந்தால் மறுபடி மெடிக்கல். மறுபடி அந்தப் பாரம். அதுதானே.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார், எழுதி வாங்கிக்கொண்டேன். பழைய முறிவு வேறு, வேலையில் புதிதாக வந்த வலி வேறு, ரெண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம், பையன் டாக்டரிடம் போய் இன்ன தேதியில் மெத்தை தூக்கும்போது வந்தது என்று பதிய வைக்கட்டும், எத்தனை நாள் தள்ளுகிறானோ அத்தனைக்கும் அவனுக்குத்தான் கஷ்டம் என்று. வலித்தால் போ. வலிக்கவில்லை என்றால் என்னைத் திட்டி ஒரு மெசேஜ் போடு, கிழவன் கற்பனை பண்ணிவிட்டான் என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். பழசைக் கேட்டால் உண்மையைச் சொல். யார் மறைக்கச் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல், உன் பேப்பரில் எல்லாம் இனிஷியலாக நான் இருக்கிறேனே. வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். மாடி பூசாமல் கிடந்தால் கிடக்கிறது, மழை அதற்குத் தெரியாததா. தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவளே அப்படித்தான் சொல்கிறாள். நம்பாவிட்டால் அவளிடம் கேள். ஆனால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பாள்.

அம்மாவிடம் ஆறாயிரம் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று இருக்கிறேன், பூசைக்குப் போய்விட்டு வந்த கையோடு. போன ஞாயிறும் அப்படித்தான் இருந்தேன்.

பையனிடம் மக்ரூன் ஒரு கிலோ கொடுத்துவிட்டிருக்கிறது, முந்திரி தூக்கலாகப் போடச் சொல்லி வாங்கினது. அழுத்தினால் பொடிந்துவிடும், துணிப் பைக்கு நடுவில் வை என்று நாலு தடவை சொல்லியிருக்கிறேன். உன் கேபின் பையனுக்கும் கொடு. டப்பாவைச் சுற்றிக் கயிறு நான்தான் கட்டினேன். பல்லால் கடித்து இழுக்காதே. ஒரு நுனியை நீளமாக விட்டிருக்கிறேன், அதை இழுத்தால் முழுசாக அவிழ்ந்துவிடும், ஒரு கை போதும்.

அப்பா