எத்தனை நிமிடம் என்பதோடு எவ்வளவு வேகம் என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் நடைப்பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தினமும் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பது அதில் நான்கைந்து இடங்களில் வருகிறது. எந்த வேகத்தில் என்பதுதான் ஓரிடத்திலும் இல்லை. அது விடுபட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

எனக்கு 57 வயது. ஆறு வருடமாக நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். கூட வருகிறவர்கள் நான்கு பேர். வீட்டு விசேஷம் முதல் ரப்பர் விலை வரை பேசிக்கொண்டேதான் நடப்போம். அப்படி நடந்த நான் போன தை மாதம் பேத்தியோடு மருந்துவாழ்மலை ஏறியபோது, பிள்ளைத்தடம் குகைக்குப் போகும் வழியிலேயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நாராயண குரு தவம் செய்த அந்தக் குகையை அன்றைக்குப் பார்க்காமலே இறங்கினேன்.

என்னைப் பார்க்கும் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நடக்கும்போது நல்லா பேச முடியுதா?" முடிகிறது என்றேன். "அந்த வேகம் உங்க உடம்புக்குப் பழகிப்போச்சு அம்மா" என்றார். பேச முடியும், பாட முடியாது என்றால் அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் அது தீவிரமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இந்தப் பிரிவு உண்டு: வாரத்துக்கு மிதமானது என்றால் 150 முதல் 300 நிமிடம், தீவிரமானது என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். நாடித்துடிப்பை வைத்தும் பார்க்கலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் ஒரு நிமிடத்துக்கு இதயத்தின் உச்சத் துடிப்பு தோராயமாகத் தெரியும்; எனக்கு அது 163. அதில் 70 முதல் 85 சதவீதம், அதாவது 114 முதல் 138 வரை, தீவிரம். ஆனால் ரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவு ஏறாது. அவர்களுக்கு மூச்சுதான் சரியான அளவுகோல்.

ஜப்பானில் நடுவயதினரையும் முதியவர்களையும் வைத்து ஐந்து மாதம் ஓர் ஆய்வு நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி நடந்தவர்களுக்குத் தொடை பலமும் மூச்சுத் திறனும் கூடின, ரத்த அழுத்தம் குறைந்தது. ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்கே பலன் அதிகம். குளச்சலிலும் முட்டத்திலும் தலையில் மீன்கூடையோடு ஓட்டமும் நடையுமாகப் போகும் பெண்களைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். இந்த ஆய்வைப் பற்றி அறிந்தபோதுதான் அந்த நடை ஞாபகத்துக்கு வந்தது.

டாக்டரிடம் இதயத்தைச் சோதித்துக்கொண்ட பிறகு, வாரத்தில் நான்கு நாள் அந்த மூன்று நிமிடக் கணக்கில் மாற்றி மாற்றி நடக்கத் தொடங்கினேன். மற்ற நாட்களில் பழைய நடைதான். தினமும் வேகம் கூட்டினால் முட்டி தாங்காது. புரட்டாசியில் மறுபடி மலை ஏறினேன். இரண்டு இடத்தில் நின்றேன், உட்காரவில்லை. குகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஸ்டேடியத்தில் என்னைப் போலப் பல வருடம் ஒரே வேகத்தில் நடக்கும் எத்தனையோ பேர் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பதோடு சேர்த்து, அந்த மூன்று நிமிடக் கணக்கையும் அடுத்த இணைப்பில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்.

ஒரு வாசகி,
வடசேரி, நாகர்கோவில்.