குடித்தனக்காரர் கையில் சாவி

அன்புள்ள சேகர்,

நான்கு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். இங்கே அனைவரும் நலம். பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பிரிட்டனும் அமெரிக்காவும் ஒருதாய்ப் பிள்ளைகள், அவர்களுக்குள் கணக்குவழக்குக் கிடையாது என்று எழுதியிருந்தாய். விடுதியில் மணியையும் என்னையும் தூங்கவிடாமல் விடிய விடிய இதையேதான் வாதாடினாய்; ஒரு சொல்லைக்கூட நீ இன்னும் மாற்றவில்லை! ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மா தேங்காய்த் துருவி இரவல் கேட்டு வந்ததிலிருந்து, உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமுள்ள சாகோஸ் தீவுகளில் ஒன்றான, இன்று அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் டியாகோ கார்சியாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் எங்கள் கிராலி நகரில் அந்தத் தீவுகளைச் சேர்ந்த குடும்பங்கள் நிறைய உண்டு. 1962இல் பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனுக்கு, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் பொலாரிஸ் அணு ஏவுகணைகளைத் தர அமெரிக்க அதிபர் கென்னடி ஒப்புக்கொண்டது நட்பினால்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1966 டிசம்பர் 30 அன்று இரு அரசுகளும் லண்டனில் பரிமாறிக்கொண்ட குறிப்புகளைப் படித்துப் பார். தீவுகளை 50 ஆண்டுகளுக்கு இரு நாடுகளின் பாதுகாப்புப் பணிக்கு ஒதுக்குவதாக அவற்றில் இருக்கிறதே தவிர, அதற்கு ஈடாகப் பொலாரிஸுக்காகப் பிரிட்டன் கட்ட வேண்டிய கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது பற்றி ஒரு வரியும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்திடமும் மறைக்கப்பட்ட அந்தக் கணக்கு 1970களின் நடுவில்தான் வெளிவந்தது.

அந்தத் தள்ளுபடிக்கான விலையை, 1968 முதல் 1973 வரை தீவுகளை விட்டு அகற்றப்பட்ட ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். 1971இல் எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒன்பது வயது. தீவிலிருந்த நாய்களைக் கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். துருவியின் பற்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, தம் நாயின் காதில் இருந்த வெள்ளைத் திட்டு எவ்வளவு பெரியது என்று எனக்குக் காட்டினார். சேகர், எனக்குப் பேச்சே எழவில்லை.

இது பழங்கதை என்று நீ சொல்வாய். 2021 அக்டோபரில் படகில் அங்கே போய்ச் சேர்ந்த நம் ஈழத்தமிழர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடார முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களது வழக்கை அந்தப் பகுதிக்கான பிரிட்டிஷ் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீவிலேயே விசாரிக்கவிருந்தபோது, அவர்களுடைய வழக்கறிஞர்கள் அங்கே இறங்குவதற்குத் தந்திருந்த ஒப்புதலை அமெரிக்கா திரும்பப் பெற்றுக்கொண்டதால் விசாரணை தள்ளிப்போனது. பெயர்ப்பலகை பிரிட்டனுடையது; ஆனால் வீட்டுக்காரர் உள்ளே நுழையக் குடித்தனக்காரரிடம் சாவி கேட்டு நிற்கிறார். இதையா ஒருதாய்ப் பிள்ளைகளின் உறவு என்கிறாய்?

2025 மே 22 அன்று பிரிட்டன் மொரீஷியஸுடன் கையெழுத்திட்ட ஒப்பந்தம், தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுத்துத் டியாகோ கார்சியா தளத்தை மட்டும் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்க வகைசெய்தது. அதற்கான தொகை ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. அமெரிக்கப் படை இருக்கும் இடத்துக்குப் பிரிட்டன் வாடகை கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் எதிர்வீட்டு அம்மாவைப் போன்றவர்களுக்கு இடம் தரப்படவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதுதான்.

கோடையில் நீ வரும்போது அவரிடம் அழைத்துப் போகிறேன். உன் வாதத்தை அங்கே சொல். நாகர்கோவிலிலிருந்து நல்ல இரும்புத் துருவி ஒன்று வாங்கி வா. இங்கே கிடைப்பது எதுவும் சரியில்லை என்கிறார். எங்களுடையதையே அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்புடன்,
ராகவன்