மலைக் கணக்கைத் திருத்தித் தந்தவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்து அக்காமார், அண்ணன்மார், சார், டீச்சர் எல்லோருக்கும் வணக்கம்.

நண்பர்கள் நாங்கள் இருவர் சேர்ந்து தொடங்கிய உடற்பயிற்சிச் செயலி நிறுவனம் முறைப்படி பதிவாகிவிட்டது. செயலியும் பிளே ஸ்டோருக்கு வந்துவிட்டது. ஒரு வரியில் நன்றி சொல்லி நகர மனம் வரவில்லை. யார் எதைச் சுட்டிக்காட்டினீர்கள், அதனால் செயலியில் என்ன மாறியது என்று வேலை வேலையாக எழுதுகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை. மலையில் இன்னொருவர் இதே வேலையில் இறங்கினால் இந்த மடல் அவருக்கும் உதவட்டும்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற இயற்பியல் சாருக்கு. ஆண்ட்ராய்டு போனின் ஜிபிஎஸ் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது இல்லை. பூமியைத் துருவங்களில் சற்றே அமுங்கிய சீரான உருண்டையாக வைத்துக்கொண்டு, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து அளந்தது. நம் பக்கம் உண்மையான கடல்மட்டம் அந்தப் பரப்புக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. அதனால் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியை போன் 2,150 என்று காட்டும். எத்தனை முறை சராசரி எடுத்தாலும் இந்த 90 கரையாது. இந்த வித்தியாசத்தை இடவாரியாகத் தரும் ஈஜிஎம்96 அட்டவணையைச் செயலிக்குள் வைத்து, இடத்துக்கு இடம் வித்தியாசத்தைக் கூட்டிய பிறகுதான் சரியானது.

அதைவிடப் பெரிய தொல்லை ஏற்றக் கணக்கு. போன் அசையாமல் இருந்தாலும் ஜிபிஎஸ் உயரம் சில மீட்டர் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஏறியதை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தவர் ஒரு குன்று ஏறியதாகக் கணக்கு வரும். காற்றழுத்தமானி உள்ள போன்களில் அந்த அளவை எடுத்துக்கொள்வதே மேல். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) குறைந்தால் மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 9 மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று பொருள். ஊட்டியில் அதுவே 10 மீட்டருக்கு மேல். ஒரே எண்ணை அடிவாரம் முதல் தொட்டபெட்டா வரை போட்டால் கணக்கு கோணிவிடும். இப்போது காற்றழுத்தமானி இருந்தால் 3 மீட்டருக்குக் குறைந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இல்லாத போனில் அந்த எல்லை 10 மீட்டர்.

சார் காட்டிய இன்னொன்று எங்களுக்கு முழுக்கப் புதிது. காற்றழுத்தம் வெயில் நாளிலும் தினம் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம். விடிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. 2 ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலே மேசைமேல் கிடக்கும் போன் 20 மீட்டர் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதனால் சில நிமிட மாற்றத்துக்கு மட்டும் காற்றழுத்தத்தை நம்புகிறோம். நீண்ட நடைக்கு நில உயரத் தரவோடு அவ்வப்போது ஒட்டிச் சரிபார்க்கிறோம். சரிபார்க்க சார் சொன்ன இடம் மலை ரயில் நிலையங்கள். மேட்டுப்பாளையத்தில் சுமார் 330 மீட்டரில் கிளம்பி, 46 கிலோமீட்டரில் ஏறக்குறைய 2,200 மீட்டருக்கு ஏறும் பாதை அது. குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வழிநெடுக நிலையங்கள். நிலையப் பலகையில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். பலகை அடியில் நின்று போனைப் பார்த்தால் போதும், தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு இந்தச் செயலி கடன்பட்டிருக்கிறது. கையில் காலடி எண்ணும் பட்டையைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்து, அது எங்கே பொய் சொல்கிறது என்று சொன்னீர்கள். செடி முன்னால் நின்றபடி இரு கையும் ஒரே தாளத்தில் போய் வருகின்றன. பட்டைக்கு அது நடை. மூட்டையைத் தலையில் ஏற்றி இரு கையாலும் பிடித்துக்கொண்டு மேடேறும்போது கை அசைவதே இல்லை. பட்டைக்கு அது ஓய்வு. உடம்பு எங்கே அதிகம் உழைக்கிறதோ அங்கே பூஜ்யம், நிற்கும் இடத்தில் ஆயிரம். இதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்ய முயன்று தோற்ற பிறகு, வேலை நேரத்தில் பட்டையின் எண்ணிக்கையை எடுக்காமல், இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும் போனின் அசைவையும் ஏறிய உயரத்தையும் மட்டும் எடுக்கிறோம். கைப்பை மேலும் கீழும் ஆடுவதால் அடியெண்ணிக்கை தவறும். இடுப்பில் இறுக்கமாக இருப்பதே சரி. புடவைக்குப் பாக்கெட் கிடையாது என்பது செயலி எழுதுகிறவர் முதல் நாளே யோசிக்க வேண்டிய விஷயம்.

பேருந்து நடத்துநர் அண்ணனுக்கு நன்றி. மலைப்பாதைப் பேருந்தில் போகிறவருக்குக் காலடி எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் எண்ணாதே என்று எழுதியிருந்தோம். கொண்டை ஊசி வளைவில் பேருந்து அதைவிட மெதுவாகத்தான் திரும்பும். இப்போது வேகத்தோடு தாளத்தையும் பார்க்கிறோம். மனித நடை நொடிக்கு ஏறக்குறைய இரண்டு காலடி. எஞ்சின் அதிர்வு அதைவிடப் பல மடங்கு விரைவு. அதை வடிகட்டுவது எளிது. குழியில் விழும் குலுக்கலுக்கு ஒழுங்கே கிடையாது. எனவே சீரான இடைவெளியில் தொடர்ந்து 10 அடி வந்தால்தான் எண்ணத் தொடங்குகிறது; அந்தப் பத்தையும் பின்னால் சேர்த்துக்கொள்கிறது. அதே வளைவுகள் தூரக் கணக்கையும் குறைத்தன: 10 நொடிக்கு ஒருமுறை இடம் பார்த்தால் வளைவை நேர்கோடாக வெட்டிவிடும். நடைப் பதிவின்போது நொடிக்கு ஒருமுறை பார்த்து, பிழை 25 மீட்டருக்கு மேல் என்று போனே சொல்லும் புள்ளிகளைத் தள்ளிவிடுகிறோம். சோலைக்குள் இலை நனைந்திருக்கும்போது இப்படித் தள்ளும் புள்ளிகள் கூடும்.

பிசியோதெரபி டாக்டரம்மா இல்லாவிட்டால் கலோரிக் கணக்கு தரைநாட்டுக் கணக்காகவே நின்றிருக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 66.7 மீட்டர். சமதளத்தில் உடம்பு கேட்கும் ஆக்சிஜன் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லிலிட்டர். அதே வேகத்தில் பத்து சதவீதச் சரிவில் ஏறினால் 22. அறுபது கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் நிமிடத்துக்கு 3 கலோரி செலவழித்தால், அந்த மேட்டில் ஆறரைக்கு மேல். இந்தச் சமன்பாட்டை இறக்கத்துக்குப் போடக் கூடாது என்று முதலிலேயே தடுத்தார். இறங்கும்போது கலோரி குறைவு, ஆனால் தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் தெரியும். ஆகவே முதல் வாரத் திட்டத்தில் தினமும் இறங்கும் உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறோம்.

நாடித்துடிப்பைப் பற்றியும் அவர் சொன்னதையே செயலி சொல்கிறது. ஊட்டி உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கீழிருந்து அன்றே வந்தவருக்கு அதே நடையில் துடிப்பு அதிகம் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் என்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கோ துடிப்பு அவ்வளவாக ஏறாது. வயதை வைத்துப் போடும் கணக்கு அவருக்கு ஆபத்து. அவர்களுக்கு எண்ணே காட்டுவதில்லை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் தோலில் ரத்த ஓட்டம் குறைந்து, ஒளியால் துடிப்பு பார்க்கும் உணரி தடுமாறும். கையை உரசிச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லும் வரி அவர் எழுதியது.

செல்போன் சர்வீஸ் கடை அண்ணன் பழைய போன்களைக் கொடுத்து இரண்டு உண்மைகளைப் புரியவைத்தார். உறைபனிக் காலையில் பேட்டரி 20 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோகும். குளிரில் உள்மின்தடை ஏறி மின்னழுத்தம் சரிவதால் வருவது. போன் ஸ்வெட்டருக்கு உள்ளே இருக்க வேண்டும். செயலியும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவைச் சேமித்துவிட வேண்டும். இரண்டாவது, பேட்டரி மிச்சம் பிடிக்க சில போன்கள் பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றுவிடும். நிலையான அறிவிப்போடு ஓடவிட்டு, பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் இடத்தை ஒவ்வொரு போனுக்கும் படம் போட்டுக் காட்டுகிறோம்.

வனத்துறைக் காவலர் அண்ணனுக்கு. வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காகக் காப்புக்காட்டுப் பாதையை யாருக்கும் காட்டாதே என்றீர்கள், எடுத்துவிட்டோம். தேயிலைத் தோட்டம்வரை காட்டெருமையும் சிறுத்தையும் கரடியும் வரும் ஊர் இது. சூரியன் உதிக்குமுன்னும் மறைந்த பின்னும் தோட்டப் பாதைகளைச் செயலி பரிந்துரைக்காது. யார் வேகம் என்ற போட்டிப் பட்டியலையும் அதற்காகவே விட்டுவிட்டோம்.

ராணுவ ஊரான வெலிங்டனில் பணியாற்றி ஓய்வுபெற்ற சார் ஒருவர், 2018இல் ஓர் ஓட்டச் செயலியின், பயனர்கள் ஓடிய இடங்களை ஒளிரக் காட்டும் வெப்ப வரைபடம் ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்த சேதியை நினைவூட்டினார். எல்லாப் பாதையும் தொடக்கத்திலேயே அந்தரங்கம். பகிர்ந்தாலும் முதல் 300 மீட்டரும் கடைசி 300 மீட்டரும் மறைந்திருக்கும். தனியே நடக்கும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம்.

ஆடிட்டர் மேடத்துக்கு. தனியார் நிறுவனத்துக்கு இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரர் போதும்; அந்த இருவரே இந்த இருவராக இருக்கலாம். ஆனால் நண்பர்கள் பாதிப்பாதி எடுத்தால், கருத்து மாறும் அன்று எதையும் தீர்மானிக்க முடியாது. அதற்கு என்ன வழி என்பதையும், பங்கு 4 ஆண்டில் படிப்படியாகச் சேரும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை என்பதையும், எழுதிய நிரலும் இணையப் பெயரும் நிறுவனத்துக்கே என்பதையும் பதிவுக்கு முன்னே தாளில் வைத்தார். மலையில் பல வீட்டு மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில். பதிவு அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்குள் வந்த பில்லும் உரிமையாளர் சம்மதமும் வேண்டும், அதை முதலில் சரிசெய்யுங்கள். பங்குப் பணத்தை வங்கியில் போட்டுத் தொழில் தொடங்கும் அறிவிப்பை 180 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இது பலர் மறக்கும் தேதி.

தமிழ் டீச்சருக்கு: பொத்தான் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்தால் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும், வரி இடைவெளி குறைந்தால் கொம்பும் சுழியும் நறுக்கப்படும் என்று அச்செடுத்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் தந்தீர்கள். அந்தத் தாள்கள் எங்கள் மேசையில் இருக்கின்றன.

சோதித்தவர்களுக்கு: பிளே ஸ்டோரில் புதிய தனிநபர் கணக்கில் வெளியிடுவோர் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை (அழைத்தவர் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது) நடத்த வேண்டும். நிறுவனக் கணக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும் அதே ஒழுங்கில் உழைத்தீர்கள். சிக்னல் இல்லாத அட்டியிலிருந்து (மலைச் சிற்றூர்) மாலையில் ஊருக்கு வந்ததும் ஒரே நடை இருமுறை ஏறிய பிழையைப் பிடித்தது நீங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் கொடுத்த பிறகு அது நின்றது.

கடை அண்ணன் தந்த போன்கள் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிடும். சார்ஜர் ஒன்று பழுதாகிவிட்டது, புதிது வாங்கி வைத்திருக்கிறோம். அக்காமாருக்குத் தந்த பட்டைகளைத் திருப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடும்) வேலைக்கான அளவு வருகிறது. பார்த்துவிட்டு எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
நண்பர்கள் இருவர், கோத்தகிரி