டைட்டிலில் எழுத முடியாதவை

அன்புள்ள யூனிட் நண்பர்களுக்கு,

விளம்பரப் படத்தில் பெயர் போட இடம் கிடையாது. இருக்கிற 30 விநாடியில் கடைசி மூன்று விநாடியைப் பாக்கெட்டும் லோகோவும் எடுத்துக்கொள்ளும். அதே கூட்டத்தோடு இப்போது ஒரு முழுநீளப் படம் முடிந்திருக்கிறது. உங்கள் எல்லோர் பெயரும் டைட்டிலில் வருகிறது. ஆனால் டைட்டிலில் பெயர்தான் வரும், செய்த வேலை வராது. அதை எழுதி வைக்கத்தான் இந்த மடல். பெயர்கள் திரையிலேயே இருக்கட்டும். எந்தப் பத்தி யாருக்கு என்பது படித்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஃபுட் ஸ்டைலிஸ்ட் அக்காவுக்கு. ஸ்கிரிப்டில் 'ஒரு தட்டு இட்லி' என்று ஒரே வரி இருக்கும். நீங்கள் நான்கைந்து ஈடு வேகவைத்து, அதில் விளிம்பு உடையாத நான்கை மட்டும் பொறுக்குவீர்கள். லைட்டிங் நடக்கும்போது வெயில் காய்வது டம்மி தட்டு. 'ஷாட் ரெடி' என்ற குரல் கேட்ட பிறகுதான் ஈரத்துணிக்கு அடியிலிருந்து ஹீரோ தட்டு, அதாவது கேமராவில் பதிவாகப் போகிற அசல் தட்டு, வெளியே வரும். முன்னாலேயே எடுத்துவிட்டால் விளக்குச் சூட்டில் மேல்தோல் காய்ந்து, இட்லி நேற்றைக்குச் சுட்டதுபோல ஆகிவிடும். ஆவியும் அப்படித்தான். இட்லியின் சொந்த ஆவி ஒரு டேக்குக்கே போதாது. நனைத்த பஞ்சை மைக்ரோவேவில் சூடாக்கித் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பீர்கள். அதுவும் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்து, பின்னணி இருட்டாக இருந்தால்தான் கேமராவில் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆவி பறக்க வேண்டும் என்று கேட்கிற கிளையண்டுகளிடம் இதை ஒவ்வொரு முறையும் முதல்முறை சொல்வதுபோலச் சொல்கிறீர்களே, அந்தப் பொறுமைக்குத் தனி நன்றி.

குளிர்பானப் பாட்டிலின் பனித்துளி: கிளிசரின் பாதி, தண்ணீர் பாதி. வெறும் தண்ணீரைத் தெளித்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக வழிந்துவிடும். கிளிசரின் கலந்தால் முத்து முத்தாக அப்படியே நிற்கும். ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. மசித்த உருளைக்கிழங்கை ஐஸ்கிரீமாகக் காட்டலாம், விற்பது மேலே ஊற்றும் சாஸாக இருந்தால். விற்பதே ஐஸ்கிரீம் என்றால் கிண்ணத்தில் ஐஸ்கிரீம்தான் இருக்க வேண்டும், உருகினால் இன்னொரு கிண்ணம். 1985-இலிருந்து இயங்கும் இந்திய விளம்பரத் தர மன்றத்துக்குப் புகார் போய்விடுமே என்ற பயத்தில் இல்லை. அக்காவின் கணக்கே அதுதான்.

அடுத்து லைட்மேன் அண்ணன்களுக்கு. பால் ஊற்றும் ஷாட்டை விநாடிக்கு 1000 பிரேமில், அதாவது 1000 தனிப்படங்களாக எடுத்து, 25-இல் ஓட்டினால் ஒரு விநாடி நாற்பது விநாடியாக நீளும். பார்க்க அழகுதான். ஆனால் பிரேம் நாற்பது மடங்கானால் வெளிச்சமும் நாற்பது மடங்கு வேண்டும், அதாவது ஐந்து ஸ்டாப்புக்கும் மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஒரு டம்ளர் அகலத்துக்கு இத்தனை விளக்கா என்று பட்ஜெட் போடுகிறவர்கள் கேட்பது இதனால்தான். அதோடு நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு அதிவேகக் கேமராவில் அப்பட்டமாகத் தெரியும். பெரிய டங்ஸ்டன் விளக்கின் கம்பி தடிமனானது, இடைவெளியில் அணைந்து குளிராது, அதனால் தப்பிக்கும். சின்ன பல்புகள் தப்பிக்காது. பின்னணியில் அழகுக்காக ஆர்ட் டிபார்ட்மெண்ட் மாட்டிய சீரியல் பல்பை டெஸ்ட் ஷாட்டுக்கு முன்பே கழற்றச் சொன்ன அண்ணனுக்கு ஒரு கும்பிடு. அதை எடிட்டில் கண்டுபிடித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

கேமரா டிபார்ட்மெண்டுக்கு நன்றி சொல்ல அந்த ஒரு பிரேம் வித்தியாசமே போதும். டிவி விளம்பரத்துக்கு 25 பிரேம், ஷட்டர் 180 டிகிரி. அப்போது ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் விழுவது 1/50 விநாடி, மின்சாரத்தோடு ஒத்துப்போகும். முழுநீளப் படத்துக்கு 24 பிரேம். பழைய பழக்கத்தில் ஷட்டரை 180-இலேயே விட்டால் 1/48 ஆகிவிடும், வீட்டு லொகேஷனில் சோக் வைத்த பழைய டியூப்லைட் மெல்லத் துடிக்கும். ஷட்டரை 172.8-க்கு மாற்றினால் மறுபடி 1/50. முதல் நாள் காலையிலேயே இதை மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்த உதவி ஒளிப்பதிவாளருக்கும், மிக நெருக்கத்தில் எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில், ஃபோகஸ் நிற்கிற சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் கடுகு வெடிப்பதைப் பிடித்த ஃபோகஸ் புல்லருக்கும் நன்றி.

புரொடக்‌ஷன் மேனேஜர் சாருக்கு. குழந்தை நடிக்கிற நாளில் உங்களைவிடக் கறாரான ஆள் செட்டில் கிடையாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளையில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர், சம்பளத்தில் இருபது சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கி வைப்பு. 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதியில் இதெல்லாம் இருக்கிறது. இருந்தும் 'இன்னும் ஒரே ஒரு ஷாட்' என்று கேட்காத டைரக்டர் உண்டா? அந்த ஒரு ஷாட்டுக்கு டூப்பின் பின்னந்தலையை வைத்து எடுக்க வழி சொன்னதும் நீங்கள்தான்.

எடிட்டருக்கு: 30 விநாடி என்றால் 750 பிரேம். அதிலிருந்தே 20 விநாடிப் பதிப்பும் 10 விநாடிப் பதிப்பும் வெட்ட வேண்டும். முப்பதை எடுத்துவிட்டுப் பத்தைப் பிறகு தேடினால் கிடைக்காது. கதை நடுவில் அறுந்து தொங்கும். பத்து விநாடிக்கு வேண்டிய ஒரு ஷாட்டை ஸ்டோரிபோர்டிலேயே குறித்து வைக்கச் சொன்னது உங்கள் யோசனை. நான்கு மொழிக்குப் போகிற படத்தில் வசனம் பேசும் முகத்தை நெருக்கத்தில் வைக்காதே என்றதும் நீங்கள்தான். தமிழில் உதடு மூடுகிற இடத்தில் தெலுங்கில் வாய் திறந்திருந்தால் டப்பிங் தியேட்டரில் யாராலும் காப்பாற்ற முடியாது.

படத்தின் இணை இயக்குநருக்குச் சொல்ல வேண்டியது வேறு கணக்கு. விளம்பரத்தில் 30 விநாடிக்கு இரண்டு நாள் எடுப்போம். 140 நிமிடப் படத்தை அதே பழக்கத்தில் எடுத்தால் 560 நாள் ஆகும். கையில் இருந்தது 60 நாள், அப்படியென்றால் தினமும் 2 நிமிடம் 20 விநாடி முடிந்தாக வேண்டும். விளம்பரத்திலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒவ்வொரு பிரேமையும் பாக்கெட் ஷாட் மாதிரி மெருகேற்றிக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் நடிகரின் அழுகை வற்றிவிடும். காட்சியை முதலில் முழுசாக ஓட்டுங்கள், குளோசப்பைப் பிறகு பிரிக்கலாம் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றதால்தான் மருத்துவமனைக் காட்சி ஒரே நாளில் முடிந்தது.

விளம்பரமும் சினிமாவும் என்கிற இந்த இரட்டைப் பாதைக்குச் சென்னையில் எல்லோரும் காட்டும் உதாரணம், ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான ராஜீவ் மேனன். 1997-இல் 'மின்சார கனவு', 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', அடுத்த முழுநீளப் படமான 'சர்வம் தாள மயம்' திரையரங்குக்கு வந்தது 2019-இல். அத்தனை வருட இடைவெளியிலும் கேமராவைக் கீழே வைக்காமல் இருக்க விளம்பரம் என்கிற தொழில் வேண்டும். அந்தத் தொழில் ஓடுவது உங்களைப் போன்றவர்களின் கால்ஷீட்டில். அடுத்த படத்துக்கு எவ்வளவு காலம் ஆகுமோ, அதுவரை மறுபடி 30 விநாடிதான். மறுபடி டைட்டில் கிடையாது.

கடைசியாக ஒன்று: பேக்கப் அன்று இரண்டு கட்டர் ஸ்டாண்டும் (வெளிச்சத்தை மறைக்கும் தட்டியைத் தாங்குவது), அக்காவின் நீலக் கிளிசரின் ஸ்ப்ரேயும், யாருடையதென்று தெரியாத ஒரு ஜோடி லெதர் கையுறையும் ஆபீஸுக்கு வந்துவிட்டன. வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வரும்போது மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வாருங்கள்.

அன்புடன்,
இயக்குநர் அணி