வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வராதே தம்பி

தம்பி,

நேற்று போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. மாசக் கடைசியில் பெங்களூர் வீட்டைக் காலி செய்யும்போது கட்டில், மெத்தை, துணி மூட்டை எல்லாத்தையும் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், அவர் பார்த்துக்கொள்வார் என்றாய். அவரைக் கேட்டாயா? அவர் இருப்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை என்று நீதானே போன தடவை வந்தபோது சொன்னாய், அதில் உன் ஆறடிக் கட்டிலை எங்கே போடுவார்? நீ வண்டி ஏறிய பிறகு அவர்தான் கைக்காசு போட்டு அதை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும்.

இங்கே பத்து நாளாக நானும் அம்மாவும் அட்டாலியை, அதுதான் பரணை, ஒழித்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளையடிக்க வேண்டும், போகிக்குக் காப்புக் கட்டுவதற்குள் வீடு ஒழுங்காக வேண்டும். முதல் நாள் எனக்கும் உன் எண்ணம்தான், பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிடலாம் என்று. அம்மாதான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்க்கலாம் என்றாள்.

அப்பத்தாவின் பித்தளை அண்டா ஒன்றும் போசி இரண்டும் இருந்தன. நல்ல போசிக்கு ஈயம் பூசி அம்மா அடுப்படியிலேயே வைத்துக்கொண்டாள். அடி ஓட்டையான அண்டாவை மட்டும் பாத்திரம் அடிக்கிற அனுப்பர்பாளையத்துக்குக் கொண்டுபோய் எடைக்குப் போட்டேன். அங்கே பழைய பித்தளையை உருக்கி மறுபடியும் பாத்திரமாகவே அடித்துவிடுகிறார்கள். அப்பத்தா தண்ணீர் காய்ச்சிய அண்டா இனி யார் வீட்டிலோ குடமாக இருக்கும், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

துணிதான் பெரிய வேலை. முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றவன் நான், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. 2018 ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம் வந்தபோது நம் பக்கத்திலிருந்து லாரி லாரியாகச் சாமான் போனது ஞாபகம் இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் துணி பிரிக்கிற வேலைக்கு நானும் போயிருந்தேன். மூட்டையைப் பிரித்தால் ஒற்றைச் செருப்பு, துவைக்காத உள்ளாடை, ஜிப் போன பேன்ட், நாற்றமடிக்கிற போர்வை. வீட்டையே இழந்து நிற்கிறவர்களுக்கு இதை எப்படி அனுப்புவது? ராத்திரி பத்து மணி வரைக்கும் நாங்கள் செய்தது கழிப்பதுதான், அந்த நேரத்தில் நல்லதைக் கட்டி அனுப்பியிருக்கலாம். கொடுத்தவர்கள் எல்லாம் நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் இதை நம் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுவிடுவோமா என்று ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு வந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்காகக் கிழிந்ததெல்லாம் குப்பை என்று நினைத்துவிடாதே. திருப்பூரில் துணி வெட்டும்போது விழுகிற கட்டிங் வேஸ்டை நிறம் நிறமாகப் பிரித்து, பஞ்சாக்கி, கழிவுப் பஞ்சை நூற்கிற ஓ.இ. மில்லில் திரும்ப நூலாக்குகிறார்கள். நிறம் பிரித்துப் போடுவதால் அந்த நூலுக்குச் சாயம் போட வேண்டியதில்லை, நம் ஊரில் சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றை என்ன பாடு படுத்தியது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. உன் பழைய டி-சர்ட் சுத்தக் காட்டனாக இருந்தால், நனையாமல் எண்ணெய் படாமல் தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டு வா, நான் வேஸ்ட் குடோனில் சேர்த்துவிடுகிறேன். பாலியஸ்டர் கலந்ததைத் தனிப் பையில் வை.

நல்ல துணிகளை மூட்டை கட்டிப் பின் தெரு லைன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒடிசாவிலிருந்து புதுசாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்தப் பெண் தயங்கித் தயங்கி, சட்டை வேண்டாங்க, பக்கெட்டும் போர்வையும் இருந்தால் கொடுங்க என்றாள். திருப்பூர் பக்கம் வேலைக்கு வந்தவர்களுக்குச் சட்டைக்கா பஞ்சம்! மார்கழிக் குளிரில் தரையில் படுத்திருக்கிறார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாம், எனக்கு அது தோன்றவில்லை. போர்வை இரண்டு, பக்கெட், வைண்டிங் கடையில் கொடுத்துச் சரி பண்ணிய அந்த 2011 அரசாங்க இலவச ஃபேன் மூன்றும் இப்போது அங்கே இருக்கின்றன.

பழைய டப்பா டிவியை மட்டும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கவில்லை. செம்பை உருவிக்கொண்டு பிக்சர் டியூபைப் பள்ளத்தில் உடைத்துப் போட்டுவிடுவார்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எலக்ட்ரானிக் கழிவு எடுக்க அனுமதி வாங்கிய ஆட்கள் வரும் வரைக்கும் அது திண்ணையிலேயே இருக்கட்டும். உன் பழைய போன்களும் அதோடு போகும். ஒன்றில் பேட்டரி உப்பியிருக்கிறது, அதைத் தனியாக வைத்திருக்கிறேன். நீயும் அங்கே அந்த மாதிரி எதையும் குப்பைக் கூடையில் போட்டுவிடாதே, அழுத்தினால் தீப்பிடிக்கும். பழைய போன் எதையும் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கிற கணக்குகளையெல்லாம் அழித்துவிடு.

உன் பிளஸ் டூ புத்தகங்கள் பேப்பர் கடைக்குப் போய்விட்டன, 2018ல் ஆரம்பித்துப் பாடத்திட்டமே மாறிவிட்டதால் இப்போது யாருக்கும் அவை ஆகாது. அகராதியையும் போட்டித் தேர்வுப் புத்தகங்களையும் நூலகத்தில் கேட்டேன், வாங்கிக்கொண்டார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலை உன் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பையன்களிடம் கேள், பி.ஜி.யிலிருந்து வீடு மாறுகிறவன் ஒருத்தனாவது இருப்பான், போல்ட் நட்டை ஒரு கவரில் போட்டுக் கட்டிலோடேயே ஒட்டிக் கொடு. பெட்ஷீட், டவல் பழசானதைத் தெருநாய் பார்த்துக்கொள்கிற இடங்களில் வாங்கிக்கொள்வார்கள். பேப்பர், பாட்டில் எல்லாம் உங்கள் வார்டு உலர் கழிவு மையத்துக்கு. வாட்ச்மேனிடம் கடைசியாக இல்லை, முதலாவதாகப் போய், உங்களுக்கு இதில் எது வேண்டும் என்று கேள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அப்புறம் உன் சைக்கிள். டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு வருகிற பெரியவரின் பேரன் எட்டாவது படிக்கிறான், பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர், அரசாங்க சைக்கிள் பதினொன்றாவதில்தான் கிடைக்கும். உன்னுடையதை உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள், அதுவும் சரிதான். புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல், அவன் சனிக்கிழமை தாத்தாவோடு வருவான்.

உன் அப்பா