ஒன்பதாம் வகுப்பின் ஆங்கில வலைப்பூ: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

கிருஷ்ணகிரி

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரின் ஆங்கிலப் பாடத்துக்காக இவ்வாண்டு ஒரு வலைப்பூவைத் தொடங்கவிருக்கிறோம். இதற்குத் தங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் பற்றித் தாங்கள் முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

வலைப்பூ என்பது இணையத்தில் நாட்குறிப்புப் போலத் தொடர்ந்து எழுதிவரும் ஒரு பக்கம். புதிதாக எழுதியது மேலே நிற்கும், பழையது கீழே இறங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு பதிவுக்கு அடியிலும் படித்தவர் தம் கருத்தையோ கேள்வியையோ எழுத இடம் இருக்கும். 1999ஆம் ஆண்டு பிளாகர் என்ற சேவை வந்தபின், கணினி நுட்பம் அறியாதவரும் இதைச் செய்ய முடிந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே பல நாடுகளின் மொழியாசிரியர்கள் இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் தேவை என்பதைச் சொல்கிறேன். நம் மாவட்டம் ஆந்திரத்தையும் கர்நாடகத்தையும் ஒட்டிய எல்லை மாவட்டம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டு, தமிழையே பள்ளிக்கு வந்து எழுதப் பழகிய பிள்ளைகள் நம் வகுப்புகளில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்த கட்டுரையை அப்படியே தாளில் இறக்கி வைக்கும் மாணவன், நேற்று உன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் இரண்டு வரி எழுதத் திணறுகிறான். குறை அவனுடையதன்று. அவன் இதுவரை எழுதிய எதையும், மதிப்பெண் போடுபவரைத் தவிர, வேறு யாரும் படித்ததில்லை.

ஆகவே சென்ற ஆண்டு இம்முறையைக் கணினி இல்லாமல் நோட்டிலேயே செய்து பார்த்தோம். ஒருவர் ஆங்கிலத்தில் பத்து வரி எழுத வேண்டும், அடுத்தவர் அதைப் படித்து அடியில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரு மாணவி தன் தாயார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளி உடைக்கும் வேலையைப் பற்றி எழுதியிருந்தாள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுக்கும் அந்த வேலை நம்மில் பலர் வீட்டிலும் நடப்பதுதான். நார் என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் ‘த்ரெட்’ என்று அவள் எழுத, படித்த மாணவனோ புளிக்குள் தையல் நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தான். அவள் அகராதியைப் புரட்டி ‘ஃபைபர்’ என்ற சொல்லைக் கண்டெடுத்தாள். எடுத்த கொட்டையை என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. அது அவளுக்கே சரியாகத் தெரியாததால் தாயாரிடம் கேட்டு, கொட்டையும் தனியாக விலைபோகும், அதை அரைத்து மாவாக்குகிறார்கள் என்று இன்னொரு பத்தி எழுதினாள். ‘மை மதர் பிரேக்’ என்று முதலில் எழுதியிருந்ததை, யாரும் சொல்லாமலே, மறுமுறை ‘பிரேக்ஸ்’ என்று திருத்தியிருந்தாள். அந்த நோட்டை நான் இரண்டு முறை படித்தேன்.

இதைக் கனடா நாட்டு மொழியியல் அறிஞர் மெரில் ஸ்வெயின் 1985இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். அங்கே பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியில் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் கேட்பதையும் படிப்பதையும் நன்றாகப் புரிந்துகொண்டாலும், பேச்சிலும் எழுத்திலும் பிழை மலிந்திருந்தது. சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது ஒருவருக்குத் தெரியவருகிறது என்பது அவர் கருத்து. எங்கள் அனுபவமும் அதுவே.

தாங்கள் பதிவுகளைப் பார்க்கும்போது பிழைகள் கண்ணில் படும். ஆசிரியர் எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்திவிடமாட்டார். இரண்டு மூன்று இடங்களை மட்டும் சுட்டிக்காட்டி, மாணவரையே மீண்டும் எழுதச் சொல்வார். பிழையைக் காட்டி வீட்டில் கடிந்துகொள்ள வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் கைப்பேசியிலுள்ள செயலியிடம் கேட்டு, பிழையே இல்லாத, தனக்கும் புரியாத ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து கொடுப்பான். அதைவிட அவனுடைய பிழையுள்ள பத்து வரிகள் எனக்கு மேலானவை.

பாதுகாப்பைப் பற்றிய தங்கள் கவலை நியாயமானது. 2023ஆம் ஆண்டின் எண்ம முறை (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருப்பேன், குறிப்பாகப் பெண் குழந்தைகளை நினைத்து. மாணவரின் பெயரோ புகைப்படமோ ஊரோ கைப்பேசி எண்ணோ எங்கும் வராது. ஒவ்வொருவரும் ஒரு புனைபெயரில் எழுதுவார்கள். பக்கத்தை வகுப்பினரும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டுமே திறக்க முடியும். எந்தக் கருத்தும் ஆங்கில ஆசிரியர் படித்து ஒப்புதல் தந்த பிறகே வெளிவரும்.

இதற்காகப் பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தர வேண்டியதில்லை. வீட்டில் நோட்டில் எழுதி வந்தால் போதும், பள்ளிக் கணினி ஆய்வகத்தில் வாரம் ஒரு பாடவேளையில் தட்டச்சு செய்துகொள்வார்கள். சம்மதம் தராத பெற்றோரின் பிள்ளை நோட்டிலேயே எழுதலாம். மதிப்பெண்ணில் எந்த வேறுபாடும் இராது.

தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுண்டு. ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்கிவிடாமல், மாந்தோப்பில் காய் பறிப்பதையோ, ஓசூர் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போய் வருவதையோ, களி கிண்டும் பக்குவத்தையோ தங்கள் பிள்ளை கேட்கும்போது தங்கள் வீட்டு மொழியிலேயே பொறுமையாகச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லை அவர்கள் தேடிக்கொள்வார்கள்.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். படிவத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேவைப்படுவோர் எந்த நாளும் மாலை நான்கரை மணிக்குமேல் பள்ளிக்கு வரலாம். நான் அலுவலகத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்